ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு பொய்கள்

என் கணவர் போலீசுக்குத் தகவல் கொடுக்கிறவர் என்பது வானகரத்தில், ஒரு டீக்கடைக்கு எதிரே நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது. அன்று நான் அவரைத் தேடிப் போகவில்லை. தகவல் கொடுக்கிறவன் யார் என்று தேடித்தான் போயிருந்தேன்.

நாங்கள் இருவரும் வன்னியில் பிறந்தவர்கள். ஊர்கள் வேறு, வந்த படகுகளும் வேறு. ராமேஸ்வரத்துக்குப் பக்கத்து அகதி முகாமில் ஒரே வரிசையில் தகரக் கொட்டகை கிடைத்தது. தண்ணீர்க் குழாயடியில் பார்த்துப் பேசிப் பழகி, அங்கேயே கோயிலில் தாலி கட்டிக்கொண்டோம். பிறகு போலீஸ் பதிவு செய்துகொண்டு முகாமுக்கு வெளியே இருக்க அனுமதி வாங்கினோம். ஆவடியைத் தாண்டி முத்தாபுதுப்பேட்டையில் வீடு பிடித்தோம். வீட்டுக்காரர்கள் பல தலைமுறையாக அங்கே பயிர் வைத்தவர்கள். நிலத்தில் பாதியை மனையாக விற்றுவிட்டு, மிச்சத்தில் இரண்டு மாடுகளும் வாடகை வீடுகளுமாக இருந்தார்கள். தலைக்கு மேலே ஹெலிகாப்டர் போனால் நாங்கள் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டுச் சுவரோரம் ஒதுங்குவோம். வீட்டுக்காரம்மா அதைப் பார்த்துச் சிரிப்பார். "அது நம்மளதுதாம்மா, ஒண்ணியும் பண்ணாது" என்பார்.

என் கணவர் பெயின்டர். வானகரம் பக்கம் அடுக்குமாடி வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த காலம். வேலைக்குக் குறைவில்லை. நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணி ஏற்றுமதிக் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தேன். சட்டைகளை வெளிச்சத்தில் பிடித்து விட்ட தையலும் கறையும் பார்க்கிற வேலை. ஆவடியில் ரயில் ஏறி பட்டரைவாக்கத்தில் இறங்குவேன்.

எங்களுக்குள் ஒரு விஷயம் கல்யாணத்துக்கு முன்பிருந்தே இருந்தது. என் தம்பி இயக்கத்தில் இருந்தான். யாரும் கூப்பிடவில்லை, தானாகப் போனான். அம்மா கும்பிட்டு அழுதும் நிற்கவில்லை. அவருடைய தங்கையும் இயக்கத்தில்தான் இருந்தாள். ஆனால் அவள் போகவில்லை, பிடித்துக்கொண்டு போனார்கள். வீட்டுக்கு ஒருவர் என்று கேட்டு வந்தபோது, இவர் இந்தியாவுக்குப் போய்விட்டார் என்று தெரிந்து, பள்ளிக்கூட வாசலில் வைத்து அவளை வண்டியில் ஏற்றினார்கள். இவர் போயிருக்காவிட்டால் அவளைத் தொட்டிருக்க மாட்டார்கள் என்பது இவர் மனத்திலிருந்து ஒருநாளும் போகவில்லை. நான் தம்பியைப் பற்றிப் பேசினால் எழுந்து வெளியே போய்விடுவார். அவர் தங்கையைப் பற்றிப் பேசினால் நான் அடுப்பைப் பார்ப்பேன். எனக்கு அந்தப் பெண்ணுக்காக வருத்தம் இருந்தது. ஆனால் அந்த வருத்தத்தைச் சொன்னால் தம்பியைக் குற்றம் சொன்னதாகிவிடும் என்று நினைத்தேன்.

போர் கடைசி கட்டத்துக்கு வந்த அந்த வருடம் ஊரில் தொலைபேசி எல்லாம் அறுந்துவிட்டது. எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் அவர் செய்தி போட விடமாட்டார். நான் வீட்டுக்காரம்மா வீட்டில் போய்ப் பார்ப்பேன். இடம் சுருங்கிக்கொண்டே வந்தது. வரைபடத்தில் சிவப்பு அடித்த பகுதி ஒவ்வொரு வாரமும் கடலை நோக்கித் தள்ளிக்கொண்டு போயிற்று.

அந்தச் சமயத்தில்தான் கொரட்டூரில் இருந்த அக்காவைத் தெரிந்துகொண்டேன். அவர் என் கூடப்பிறந்தவர் இல்லை. எங்கள் ஊர்ப்பக்கத்துப் பெண், வயதில் மூத்தவர். ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டில் ஜாக்கெட் தைத்துக் கொடுத்துப் பிழைத்தார். ஒரு நாள் ரயிலில் என் பேச்சைக் கேட்டுவிட்டு, "எந்த ஊர் தங்கச்சி?" என்று கேட்டார். அப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் மருந்து. காயத்துக்குப் போடுகிற மருந்தும் மாத்திரையும், கொஞ்சம் கொஞ்சமாக, வேறு வேறு கடைகளில் வாங்கி ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுப்பேன். அது எப்படி எங்கே போகும் என்று நான் கேட்கவில்லை. காயப்பட்டவர்களுக்குப் போகிறது என்றார், அது எனக்குப் போதுமாக இருந்தது. தம்பிக்கு என்று நினைத்துத்தான் ஒவ்வொன்றையும் வாங்கினேன். வீட்டில் தையல் பழகப் போவதாகச் சொன்னேன்.

பிறகு ஒரு ஞாயிறு அக்கா மருந்தை வாங்கி வைத்துவிட்டு, கதவைச் சாத்தினார்.

"ஆவடிப் பக்கம் ரெண்டு பொடியளைப் பிடிச்சிட்டாங்கள். அயப்பாக்கத்தில ஒரு வீட்டையும் சோதிச்சிருக்கிறாங்கள். எங்கட ஆக்களுக்குள்ள ஒருத்தர்தான் சொல்லுறார். ஆரெண்டு பார்."

"நானோ? எனக்கு இதெல்லாம் தெரியாது அக்கா."

"நீ எல்லா வீட்டுக்கும் போற வாற ஆள். உன்னை ஒருத்தரும் சந்தேகப்படமாட்டினம்."

அது உண்மைதான். கம்பெனியில் கழித்துவிட்ட துணிகளை மலிவாக வாங்கி, சுற்றுவட்டாரத்தில் இருந்த எங்கள் ஆட்களின் வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன். அதற்குப் பிறகு அந்த வீடுகளில் நான் உட்கார்ந்த விதம் மாறிவிட்டது. தேநீர் தருவார்கள், குழந்தையை மடியில் வைப்பார்கள். என் கண் புதுக் கைபேசியைப் பார்க்கும். புருஷன் வேலைக்குப் போகாமல் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று கணக்குப் போடும். ஒரு அம்மா தன் மகனுக்குப் பதிவு சீக்கிரம் கிடைத்ததைச் சந்தோஷமாகச் சொன்னபோது, ஏன் சீக்கிரம் கிடைத்தது என்று யோசித்தேன். துணியில் கறை தேடியே பழகிய கண்ணுக்கு இந்த வேலை சுலபமாக வந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வானகரத்தில், மதுரவாயல் பைபாஸ் பக்கம் பெயின்ட் வேலை செய்கிறவர்கள் கூடும் டீக்கடைக்கு மஃப்டியில் ஒரு அதிகாரி வருகிறார் என்று ஒரு வீட்டில் பேச்சுவாக்கில் காதில் விழுந்தது. ஒரு மாலை கம்பெனியில் அரைநாள் லீவு சொல்லிவிட்டுப் போனேன். எதிரே ஒரு டைல்ஸ் கடை வாசலில் விலை விசாரிக்கிற மாதிரி நின்றேன்.

என் கணவர் வந்தார். முழங்கைவரை வெள்ளைப் புள்ளிகள். டீ கிளாசை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் கட்டம் போட்ட சட்டை போட்ட ஓர் ஆள் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். இவருக்கும் கொஞ்சம் கொடுத்தார். இவர் வாங்கிக்கொண்டார். பேசினார். தலையைக் குனிந்தபடியே பேசினார். முகாமில் விசாரணைக்குக் கூப்பிட்டால் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் பேசுவோம். வேறு யாராவது வருவார்கள், இவர் தற்செயலாக உட்கார்ந்திருக்கிறார் என்று நான் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு நின்றேன். வேறு யாரும் வரவில்லை.

அவருக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்துவிட்டேன். புட்டு அவித்தேன். அவர் வந்து கைகால் கழுவினார்.

"வேலை முடியச் சுணங்கிப் போச்சு" என்றார்.

"ஓம்" என்றேன்.

புட்டு நன்றாக இருக்கிறது என்றார். சாதாரணமாக அவர் அப்படிச் சொல்கிறவர் இல்லை.

அடுத்த ஞாயிறு அக்கா கேட்டார்.

"ஆரெண்டு தெரிஞ்சுதோ?"

"இல்லை அக்கா."

"ஒரு ஆளிலையும் உனக்குச் சந்தேகம் இல்லையோ?"

"இல்லை." பிறகு நானே கேட்டேன். "தெரிஞ்சா என்ன செய்வியள்?"

அவர் கையில் இருந்த ஜாக்கெட்டைத் திருப்பிப் போட்டு நூலைக் கடித்தார். "அது உனக்குத் தேவையில்லை தங்கச்சி" என்றார்.

திரும்பும்போது ஏரிப் பக்கமாக நடந்து வந்தேன். எனக்கு என் கணவர் மேல் கோபம் இருந்தது. பிடிபட்ட பையன்களில் ஒருவனை எனக்குத் தெரியும், நல்ல பையன். ஆனால் அந்தப் பையனுக்காக அழ முயன்றால், பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருந்த அந்த உருவம்தான் முன்னால் வந்தது. அவரைக் காட்டிக் கொடுக்க என்னால் முடியாது என்பதும், அவரை மன்னிக்கவும் முடியாது என்பதும் ஒன்றாகவே எனக்குத் தெரிந்தன.

அதன் பிறகான நாட்களில் அவர் என்னிடம் முன்னைவிட அன்பாக இருந்தார். வேலை சீக்கிரம் முடிந்தால் ஆவடி ஸ்டேஷனுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். கையில் சுண்டல் பொட்டலம் இருக்கும். இரண்டு பேரும் தின்றுகொண்டே ஷேர் ஆட்டோவுக்கு நடப்போம். கல்யாணமான புதிதில் நான் ஆசைப்பட்டது இதைத்தான். இப்போது அவரைப் பெஞ்சில் பார்த்ததும், காத்திருக்கிறாரா, கண்காணிக்கிறாரா என்று யோசித்தேன். சுண்டல் காரமாக இருந்தால், "தண்ணி குடியும்" என்று பாட்டிலை நீட்டுவார். குடிப்பேன். அந்த நேரத்தில் எல்லாம் மறந்துபோகும். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது மறுபடி ஞாபகம் வரும்.

கட்டம் போட்ட சட்டைக்காரர் என்னைத் தேடி வந்தது அதற்குப் பிறகு. பட்டரைவாக்கம் ஸ்டேஷன் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

"பயப்படாதீங்கம்மா. உங்க வீட்டுக்காரர் பத்தி ரெண்டு வார்த்தை. அவரு யாரைப் பாக்குறாரு, எங்க போறாரு, அவ்ளோதான்."

"ஏன் சார்? அவர் என்ன செய்தவர்?"

"ஒண்ணும் செய்யல. நல்ல மனுசன். ஆனா ஒருத்தர் சொல்றத இன்னொருத்தர்கிட்ட கேட்டுச் சரிபாக்கணும்ல? உங்களுக்கும் பதிவு புதுப்பிக்கிற சமயம் வருது."

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், இவள் ஏன் மறுக்கிறாள் என்று பார்ப்பார். பார்த்தால் கொரட்டூர் வரைக்கும் வருவார். சரி என்றேன். அப்படி, அக்காவுக்காக எங்கள் ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தவள், போலீசுக்காகப் புருஷனையும் பார்க்கிறவளானேன். போலீசுக்கு வேலை செய்கிற புருஷனை.

ஒன்றுக்கும் உதவாத விஷயங்களைச் சொன்னேன். யாரும் வீட்டுக்கு வருவதில்லை. அவர் குடிப்பதில்லை. அரசியல் பேசுவதில்லை, செய்தி போட்டால் அணைத்துவிடுவார். எல்லாம் உண்மைதான். அதிகாரி தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். ஒரு நாள் வேறு எதையோ பேசிக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை ரெண்டு பேருக்கும் லீவுதானே? என்ன பண்ணுவீங்க?"

"வீட்டிலதான் இருப்பம் சார். அவர் மீன் வாங்கி வந்து சமைப்பார்."

"நீங்க?"

"நானும் வீட்டிலதான்."

"போன ஞாயிறு?"

"ஓம் சார். எங்கயும் போகேல்லை."

அவர் என் நெற்றியைப் பார்த்தார். காலையில் பூசிய திருநீறு இருந்தது.

"அவரு வேற மாதிரி சொல்றாரேம்மா. நீங்க ஞாயிறு தவறாம கொரட்டூர்ல சர்ச்சுக்குப் போறீங்களாம். ஜெபக் கூட்டமாம். முடிய ரொம்ப நேரமாகுமாம்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, ரயில் வருது, போங்க" என்றார்.

ஆவடி வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன். யாரோ என்னைக் கொரட்டூரில் பார்த்து அதிகாரியிடம் சொல்லியிருக்க வேண்டும். அதை அவர் என் கணவரிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்டதும் இவர் யோசித்துச் சொல்லக் கிடைத்தது சர்ச். வாழ்நாளில் சர்ச் வாசலை மிதிக்காத என்னை ஜெபக் கூட்டத்தில் உட்கார வைத்திருக்கிறார். அப்படியானால் நான் தையல் பழகப் போகவில்லை என்பது அவருக்குத் தெரியும். எவ்வளவு நாளாகத் தெரியும்? தெரிந்தும் என்னைக் காப்பாற்றப் பொய் சொன்னார். கொரட்டூரை மறைக்க நானும் பொய் சொன்னேன். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசி வைத்துக்கொண்டிருந்தால் ஒரே பொய்யைச் சொல்லியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. அவர் கிணற்றடியில் மண்ணெண்ணெயில் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"நீர் ஏன் வீட்டில நிண்டனெண்டு சொன்னனீர்?" என்றார்.

அதிகாரி அதற்குள் அவருக்குப் போன் செய்திருக்கிறார்.

"நீங்கள் ஏன் சர்ச்செண்டு சொன்னனீங்கள்?"

"வேறை என்னத்தைச் சொல்ல? கோயிலெண்டா எந்தக் கோயிலெண்டு கேப்பான்."

நான் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. அது அழுகையாக மாறுவதற்குள் நிறுத்திக்கொண்டேன். கல்யாணமாகி இத்தனை காலத்தில் நாங்கள் உண்மையாகப் பேசியது அன்றைக்குத்தான்.

"எப்ப இருந்து தெரியும்?"

"அரிசி வாளிக்குள்ள மருந்து கண்ட நாளில இருந்து. ஒரு ஞாயிறு உமக்குப் பின்னால கொரட்டூருக்கு வந்து அந்த மனுசியையும் கண்டன்."

"பின்னை ஏன் என்னைச் சொல்லேல்லை?"

பிரஷின் மயிரை விரலால் நீவிக்கொண்டிருந்தார். "என்ர தங்கச்சியைப் பள்ளிக்கூட வாசல்ல வச்சு ஏத்திக்கொண்டு போனவங்கள். அவங்கள் அழியவேணுமெண்டுதான் இந்தாளோட கதைக்கத் தொடங்கினன். பொய் சொல்லேல்லை, விரும்பித்தான் செய்தனான். பிறகு உம்மட மருந்தைக் கண்டன். இது அங்க போனா, அவளுக்குக் காயமெண்டா அவளுக்கும் போடுவினம்தானே?"

"என்ர தம்பி தானாப் போனவன்" என்றேன். ஏன் அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவனுக்காக நான் வேறு எதையும் அவரிடம் சொன்னதில்லை.

"இப்ப ரெண்டு பேரும் ஒரே இடத்திலதான் நிக்கினம்" என்றார். "நீர் ஏன் அவவிட்ட என்னைச் சொல்லேல்லை? என்னைக் கண்டனீர்தானே, வானகரத்தில?"

"கண்டனீங்களோ?"

"டைல்ஸ் கடைக்கு முன்னால நிண்டனீர். நீலச் சேலை."

அன்றைக்குப் புட்டு நன்றாக இருக்கிறது என்று ஏன் சொன்னார் என்பது அப்போதுதான் புரிந்தது.

"சொன்னா உங்களைக் கொன்றுபோடுவினம்" என்றேன்.

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான்."

வீட்டுக்காரம்மா மாட்டுக்குத் தவிடு கலக்க வந்தார். நாங்கள் இருவரும் பேச்சை நிறுத்தினோம். "இன்னா, ரெண்டு பேருக்கும் சண்டையா? மூஞ்சி தொங்கிக்கினு கீது" என்று சிரித்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை அவர் என்னை வேலைக்குப் போகச் சொன்னார். எப்போதும் போலப் போக வேண்டும் என்றார். நான் போனேன். அவர் வானகரத்துக்குப் போகவில்லை. கொரட்டூருக்குப் போயிருக்கிறார். அக்காவின் வீட்டுக் கதவைத் தட்டி, தான் யார் என்பதைச் சொல்லி, உடனே கிளம்பிவிடச் சொல்லியிருக்கிறார். அக்கா பிடிபட்டால் என் பெயர் வரும் என்பதுதான் அவர் கணக்கு. ஆனால் இரண்டு பேரும் இரண்டு விதமாகச் சொன்ன பிறகு அதிகாரி சும்மா இருப்பாரா? இவருக்குப் பின்னாலேயே ஆள் போயிருக்கிறது. ஸ்டேஷன் வாசலில் வைத்து இவரைப் பிடித்தார்கள். அக்கா அதற்குள் எப்படியோ போய்விட்டார். அன்று மாலை நான் அந்தத் தெருவுக்குப் போனபோது கதவில் பூட்டுத் தொங்கியது. பக்கத்து வீட்டுப் பெண் ஜாக்கெட் வாங்க வந்து ஏமாந்து நின்றார்.

"யாரோ ஒரு பெயின்டர் வந்து பேசிக்கினு இருந்தாரு. அப்பால அந்தம்மா பைய எடுத்துக்கினு பூட்ச்சி. என் துணிகூட உள்ளதான் கீது" என்றார்.

மருந்து வாங்கியது, கொடுத்தனுப்பியது எல்லாம் தான்தான் என்று அவர் எழுதிக் கொடுத்துவிட்டார். மனைவிக்குத் தெரியாது, தையல் துணி என்று சொல்லி அனுப்பினேன் என்றார். அதிகாரி அதை நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. நம்பியிருக்க மாட்டார். ஆனால் ஒருவர் போதும் என்று நினைத்திருக்கலாம். என்னை ஒரு நாள் முழுக்க உட்கார வைத்துக் கேட்டார்கள். தெரியாது, தெரியாது என்றே சொன்னேன். அவர் செய்யாததை அவர் தலையில் ஏற்றிவிட்டு வெளியே வந்தேன். அப்படிச் செய்யாவிட்டால் அவர் சொன்னதெல்லாம் வீணாகிவிடும்.

அவரைத் தெற்கே ஓர் ஊரில் இருந்த சிறப்பு முகாமுக்கு அனுப்பினார்கள். முகாம் என்று பெயர், உள்ளே ஜெயில். வீட்டுக்காரம்மா ஒரு வாரம் என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு வந்து கதவோரம் நின்றார்.

"எங்க ஊட்டுக்காரு காலி பண்ணச் சொல்லிக்கினே கீறாரு. நான்தான், அந்தப் பொண்ணு ஒண்டியா எங்க போவும்னு தடுத்து வச்சிக்கீறேன். இனிமே போலீசு நம்ம வாசப்படி ஏறக்கூடாது, ஆமா."

"வராதும்மா" என்றேன்.

"சாப்ட்டியா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போனார். கொஞ்ச நேரத்தில் ஒரு கிண்ணத்தில் குழம்பு வந்தது.

அவர் உள்ளே இருக்கும்போதே போர் முடிந்துவிட்டது. கம்பெனியில் சட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது யாரோ கைபேசியில் செய்தி கேட்டுச் சொன்னார்கள். நான் கையில் இருந்த சட்டையை முடித்துவிட்டு அடுத்ததை எடுத்தேன். தம்பி இறந்துபோனது பல வாரம் கழித்து, வெளிநாட்டில் இருக்கும் ஒரு உறவினர் போனில் சொல்லித் தெரிந்தது. எப்படி, எங்கே என்று அவருக்கும் தெரியவில்லை. பார்த்தவர் ஒருவர் சொன்னாராம். அம்மா தடுப்பு முகாமில் உயிரோடு இருந்தார். என் கணவரின் தங்கையைப் பற்றி ஒன்றும் வரவில்லை. இறந்தவர்களிலும் இல்லை, இருப்பவர்களிலும் இல்லை.

அதைச் சொல்லத்தான் அவரைப் பார்க்கப் போனேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்றார். மெலிந்திருந்தார், கையில் பெயின்ட் புள்ளி ஒன்றுகூட இல்லை. அது எனக்கு வேறு யாருடைய கையோ போல இருந்தது. தம்பி போய்விட்டான் என்றேன். "அவன் எதுவரைக்கும் படிச்சவன்?" என்று கேட்டார். என் தம்பியைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது.

"பத்தாம் வகுப்பு. கணக்கு நல்லா வரும்."

"தங்கச்சிக்குக் கணக்கே வராது" என்றார். அவளைப் பற்றி ஏதாவது தெரியுமா என்று அவர் கேட்கவில்லை. தெரிந்திருந்தால் நானே சொல்லியிருப்பேன் என்று அவருக்குத் தெரியும்.

விடுதலையாகி வந்தபோது எங்கள் ஆட்கள் யாரும் பார்க்க வரவில்லை. அவர் போலீசுக்கு வேலை பார்த்தார் என்பது எப்படியோ பரவியிருந்தது. பிடிபட்ட பையன்களின் வீட்டார் எங்களைக் கண்டால் தெருவின் அந்தப் பக்கம் போனார்கள். அவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை. அதே மனிதர் ஓர் இயக்கக்காரியைத் தப்ப வைத்ததற்காகத்தான் உள்ளே இருந்தார் என்பதை யாரிடம் சொல்ல? போலீசுக்கு அவர் துரோகி, எங்கள் ஆட்களுக்கும் அவர் துரோகி. கொரட்டூருக்கு வீடு மாறினோம். அங்கே மகள் பிறந்தாள். பெயர் வைக்கிற அன்று முத்தாபுதுப்பேட்டை வீட்டுக்காரம்மா மட்டும் ஒரு வெள்ளிக் கொலுசோடு வந்தார்.

நாங்கள் சண்டை போட்டதே இல்லை. சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் தாமதமாக வந்தால் எங்கே போனீர்கள் என்று என்னால் கேட்க முடியவில்லை. நான் கைபேசியில் பேசினால் யார் என்று அவரும் கேட்பதில்லை. எல்லா வீட்டிலும் சாதாரணமாகக் கேட்கிற கேள்விகள் எங்கள் வாயில் விசாரணை போல ஒலித்தன. அதனால் கேட்காமலே வாழப் பழகினோம். ஒருவருக்காக ஒருவர் உயிரை விடத் தயாராக இருந்தவர்கள்தான் நாங்கள். ஆனால் ஒரே வீட்டில், கூச்சமில்லாமல், சும்மா உட்கார்ந்திருக்க எங்களால் முடியவில்லை.

மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு அவர் ஊருக்குத் திரும்பிப் போவதென்று முடிவு செய்தார். காணாமல் போனவர்களின் தாய்மார் அங்கே ரோட்டோரம் படத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவருடைய அம்மா இறந்துவிட்டார். தங்கைக்காக உட்கார ஆள் இல்லை.

"நான் இருக்கவேணும்" என்றார்.

"திரும்பி வர விடமாட்டினம்" என்றேன்.

"தெரியும்."

நான் தடுக்கவில்லை. விமான நிலையத்தில் மகளைத் தூக்கி முத்தம் கொடுத்தார். என்னிடம், "போயிட்டு வாறன்" என்றார். எங்கள் ஊரில் போகிறேன் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

இப்போது மகள் பிளஸ் டூ படிக்கிறாள். இங்கேயே பிறந்தவள், ஆனால் இந்த நாட்டுக்காரி இல்லை என்று காகிதம் சொல்கிறது. அவளுக்கு என் பேச்சும் வராது, அவர் பேச்சும் வராது. தெருப் பிள்ளைகளோடு சேர்ந்து அவரை நைனா என்று கூப்பிடுவாள். முதலில் அவருக்கு அது பிடிக்கவில்லை, இப்போது பழகிவிட்டது. அவர் இரண்டு முறை விசாவுக்குக் கேட்டார், பழைய வழக்கைக் காட்டி மறுத்துவிட்டார்கள். நாங்கள் போனால் எங்களையும் திரும்ப விடமாட்டார்கள். மகளின் படிப்பு முடியட்டும் என்று இருக்கிறேன். முடிந்த பிறகு என்ன சொல்வேன் என்று தெரியவில்லை.

போன வாரம் அவர் கூப்பிட்டபோது மகள்தான் எடுத்தாள்.

"இன்னா நைனா, சாப்ட்டியா? எப்ப வருவே?"

"பாப்பம்" என்றார். எப்போதும் சொல்கிற பதில்.

நான் வாங்கிப் பேசினேன். மழை இல்லை என்றார். ரோட்டோரக் கொட்டகையில் கூட்டம் குறைந்துவிட்டதாம், வயதான தாய்மார் ஒவ்வொருவராகச் செத்துப்போகிறார்களாம். இன்னும் கொஞ்சம் பேர் வருகிறார்கள் என்றார். அவரும் போகிறார். வீட்டு முன்சுவருக்குப் பெயின்ட் அடித்தேன் என்றார்.

"என்ன நிறம்?"

"வெள்ளைதான். கடையில வேறை ஒண்டும் இருக்கேல்லை."

"நல்லாத்தான் இருக்கும்" என்றேன். லைனில் இரைச்சல் வந்தது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தோம், பிறகு அவர் வைத்துவிட்டார்.